இதில் சர்க்கரை உண்டு

ஜப்பான் சார் கையில் ஜாங்கிரியோடு நின்ற காட்சி எனக்கு இன்றும் அப்படியே கண்ணில் நிற்கிறது. அன்று ஆயுத பூஜை. அம்பத்தூர் எஸ்டேட்டில் அன்றைக்கு எந்த இயந்திரமும் ஓடாது. எங்கள் தொழிற்சாலையிலும் பிரஸ் மெஷின்களுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். பொரி கடலைப் பொட்டலத்தோடு ஆளுக்கொரு ஜாங்கிரி. ஜப்பானிலிருந்து வந்து எங்களோடு வேலை பார்த்த பொறியாளருக்கு, மரியாதைக்காக, இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்துக் காகிதத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். அவர் குனிந்து வணங்கி வாங்கிக்கொண்டார். முனையைக் கிள்ளி வாயில் போடுவார் என்று பார்த்தால், பாதி ஜாங்கிரியை ஒரே கடியாகக் கடித்துவிட்டார். பாகு மணிக்கட்டைத் தாண்டி வழிந்தது. கண்கள் விரிந்தன. மெல்ல முடியாமல் மென்று, விழுங்கிவிட்டு, ஒரே ஒரு சொல் சொன்னார். மொத்தக் கூட்டமும், அவர் பேசுவதை எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் அக்காவைத் திரும்பிப் பார்த்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அக்கா சொன்னார்: “வித்தியாசமா இருக்குன்னு சொல்றாரு.”

ஷெட்டே அதிரும்படி சிரித்தோம். ஏன் சிரித்தோம் என்று தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விருந்துக்குப் போன வீட்டில் பாயசம் வாயில் வைக்க முடியாமல் இருந்தால் நாம் “நல்லா இல்லை” என்றா சொல்கிறோம்? “வித்தியாசமா இருக்கே, என்ன போட்டீங்க?” என்போம். சொன்னவருக்கும் புரியும், கேட்டவருக்கும் புரியும், இரண்டு பேரும் புரியாத மாதிரி இருந்துவிடுவார்கள். ஜப்பான் சாருக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. அக்கா அவர் பக்கம் திரும்பி, அந்தத் தமிழ்ச் சொல்லை நாங்கள் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று நீளமாக விளக்கினார். மனிதருக்குக் காது வரை சிவந்துவிட்டது. பிறகு அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அவங்க ஊர்லயும் இதே கதைதானாம்,” என்றார் அக்கா.

விடுமுறைக்குப் போய்த் திரும்பி வந்தபோது அவர் பதிலுக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தாளில் சுற்றிய சின்னச் சின்ன உருண்டைகள். ஆவியில் வேகவைத்த மாவு, உள்ளே இனிப்புப் பயறு விழுது. அதன் பெயர் மஞ்சு என்று அக்கா சொன்னதும், பெயிண்ட் செக்ஷனில் இருந்த மஞ்சு என்ற பெண்ணை எல்லோரும் கிண்டல் செய்தது தனிக்கதை. ஆளுக்கொன்று எடுத்துக் கடித்தோம். ஜாங்கிரியும் மைசூர்பாகுமாக வளர்ந்த நாக்கு எங்களுடையது. கொழுக்கட்டைப் பூரணத்தில் யாரோ வெல்லம் போட மறந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. ஏலக்காய் இல்லை, நெய் இல்லை, தேங்காய் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு ஃபிட்டர் அண்ணன்தான் ஆரம்பித்தார்: “சார், வித்தியாசமா கீது சார்!” உடனே எல்லோரும் சேர்ந்து அதையே கத்தினோம். இந்த முறை ஜப்பான் சார் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமல் எங்களோடு சேர்ந்து சிரித்தார். அக்கா மட்டும் ஓர் ஓரமாக நின்று, அவசரமில்லாமல், ஒரு மஞ்சுவை முழுதாகச் சாப்பிட்டார். பெட்டியில் மீந்துபோனதையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அவரை நாங்கள் டிரான்ஸ்லேட்டர் அக்கா என்போம். ஸ்டோர்ஸில் கிளார்க்காகச் சேர்ந்தவர், மாலை வகுப்புக்குப் போய் ஜப்பானிய மொழி படித்து, எங்கள் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளராக ஆனவர். ஒல்லியான உருவம், பருத்திப் புடவை, சன்னமான குரல். பார்த்தால் சாதுவாகத் தெரிவார். ஆனால் தொழிற்சாலையில் பாதிப் பேர் அவரைக் கண்டால் வேறு வழியில் போவார்கள். காரணம், நம் எல்லோருக்கும் வாயில் தயாராக இருக்கும் ஒரு சொல். ‘செஞ்சிடலாம்.’ அந்தச் சொல்லுக்குச் செய்வோம் என்றும் பொருள், செய்ய மாட்டோம் என்றும் பொருள், இப்போதைக்கு ஆளை விடுங்கள் என்றும் பொருள். ஒருமுறை பிரஸ் மெஷினில் எண்ணெய் கசிந்தது. எப்போது சரியாகும் என்று ஜப்பான் சார் கேட்டார். ஃபிட்டர் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே, “அத்த பண்ட்லாம் சார், இன்னா பெர்சா,” என்றார். அக்கா ஜப்பான் சாரிடம் எதுவும் சொல்லவில்லை. ஃபிட்டர் அண்ணனிடம் திரும்பி, “எப்போண்ணே?” என்றார்.

“பண்ட்லாம்கா.”

“அதான் எப்போன்னு கேக்கறேன். நாள் சொல்லுங்க. நாள் இல்லாம அந்த வார்த்தைய எனக்குச் சொல்லத் தெரியாது.”

ஃபிட்டர் அண்ணன் தலையைச் சொறிந்தார். கடைசியில் உதிரிபாகமே கைவசம் இல்லை, ஆர்டர் போடவே இல்லை என்ற உண்மை வெளியே வந்தது. புரொடக்ஷன் மேனேஜருக்கு முகம் கறுத்துப் போய்விட்டது. “கொஞ்சம் பாத்து சொல்லும்மா,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. “நீங்க பாத்து பேசுங்க சார். வாய் உங்களுது, அர்த்தம் என் பொறுப்பு,” என்றார் அக்கா. அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதைப் போலச் சொல்லிவிட்டு, ஜப்பான் சாரிடம் திரும்பி உள்ளதை உள்ளபடி சொன்னார். மேனேஜர் அதை வெகுநாள் மனதில் வைத்திருந்தார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. நான் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன், இன்றும் அங்கேதான் இருக்கிறேன். குறையுள்ள பொருளில் சிவப்புச் சீட்டு ஒட்டுவது என் வேலை. காலையிலிருந்து மாலை வரை திட்டு வாங்குகிற இரண்டு பெண்கள் சாப்பாட்டு மேஜையில் சேர்ந்து உட்காராமல் வேறு என்ன செய்வார்கள்? அக்கா தன் டப்பாவை என் பக்கம் தள்ளுவார், நான் என்னுடையதை அவர் பக்கம் தள்ளுவேன். அப்படித்தான் ஜப்பானில் இருந்த ஒரு ஜன்னல் கடையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பயிற்சிக்குப் போன எங்கள் ஆட்களுக்குத் துணையாக அக்கா ஒரு முறை ஜப்பானுக்குப் போயிருந்தார். தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை. உள்ளே போக முடியாது, உட்கார இடம் கிடையாது, ஒரே ஒரு ஜன்னல். ஒரு பெண்மணி மஞ்சுப் பொட்டலத்தை நீட்டுவார், வாங்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். வேலை முடிந்த ஒவ்வொரு மாலையும் அங்கே போய் நின்றாராம். “நம்ம ஸ்வீட்டு ஒண்ணு சாப்பிட்டா, போதும்டா சாமின்னு ஆயிடுது. இது அப்படி இல்ல. ஒரு வாய் டீ குடிச்சிட்டு இன்னும் கொஞ்ச தூரம் நடக்கலாம்னு தோணும். எனக்குன்னு நான் வாங்கிச் சாப்பிட்ட முதல் ஸ்வீட்டு அதுதான்,” என்றார். யோசித்துப் பார்த்தேன். கல்யாணம், சீமந்தம், பிள்ளைகள் பாஸ் ஆனது என்று மற்றவர்களின் காரணத்துக்காகவே நாங்கள் இனிப்பு சாப்பிட்டிருக்கிறோம்.

அக்காவின் வேலையைப் பறித்தது ஒரு கைபேசி. கூட்ட மேஜையின் நடுவில் அதை வைத்துவிட்டால் போதும், தமிழில் பேசினால் ஜப்பானிய மொழியில் பேசும், அங்கிருந்து இங்கேயும் பேசும். முதல் நாள் அதைச் சோதித்துப் பார்க்க அக்காவையே உட்கார வைத்தார்கள். ஃபிட்டர் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, படித்த தமிழில், “செய்துவிடலாம் சார்” என்றார். கைபேசி அதைத் தடங்கலில்லாமல் மாற்றிச் சொன்னது. எதிரே இருந்த ஜப்பானியர்கள் திருப்தியாகத் தலையாட்டினார்கள். அக்கா சிரித்தார். அன்று மதியம் என்னிடம், “அது தப்பாச் சொல்லல. ஆனா எப்போன்னு திருப்பிக் கேக்காது. எல்லாருக்கும் வசதி,” என்றார். ஜப்பான் சார் அதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டிருந்தார். வாசலில் வருகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டு எழுதும் வேலையைக் கொடுப்பதாக மேனேஜர் சொன்னார். அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். எனக்கு ஆத்திரமாக இருந்தது. அவருக்கு இருந்ததா என்று தெரியவில்லை. “காட்டுப்பாக்கத்துல ஒரு ஜன்னல் பாத்து வச்சிருக்கேன்,” என்றுதான் சொன்னார்.

ஜப்பான் சாரின் மனைவி இங்கே இருந்த நாட்களில் அவரிடமிருந்து அக்கா மஞ்சு செய்யக் கற்றிருந்தார் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். வீட்டில் பார்த்துப் பார்த்துச் செய்து, வெடித்ததையும் கல்லானதையும் தானே சாப்பிட்டிருக்கிறார். அக்காவின் கணவர் பூந்தமல்லியில் மருந்துக்கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர், ஆனால் கணக்குப் பார்க்கிற மனிதர். “இந்த ரோட்ல பிரியாணி போடு, இட்லி மாவு போடு, வேணாம்னு சொல்லல. உப்புச்சப்பில்லாத ஒரு ஸ்வீட்டைக் குடுத்தா எவன் வாங்குவான்?” என்று கேட்டார். கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். தீபாவளி வரை அக்காவின் விருப்பம். அதற்குள் கடை சூடுபிடிக்காவிட்டால், அதே இடத்தில் மைசூர்பாகும் மிக்சரும் வாங்கி விற்க வேண்டியது. “சரி. ஆனா தீபாவளி வரைக்கும் யாரும் என்னை ஏலக்காய் போடச் சொல்லக் கூடாது,” என்றாராம் அக்கா.

கடை திறந்த முதல் வாரத்திலேயே நான் போனேன். என் வீடு இருக்கும் கள்ளிக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டியில் திருவேற்காடு வழியாகப் போனால், பள்ளம் மேடெல்லாம் ஏறி இறங்கிக் காட்டுப்பாக்கம் வருவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். மெயின் ரோட்டில் ஒரு ஃபோட்டோ ஸ்டுடியோவுக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில், ஒரு வீட்டின் முன்னறையை மறித்துப் போட்ட சின்ன ஜன்னல். மேலே வெள்ளைப் பலகையில், ‘மஞ்சு’ என்று பெரிதாக. அதன் கீழே ‘டாங்கோ’. அதற்கும் கீழே ‘ஜப்பானிய இனிப்புகள். பார்சல் மட்டும்.’ டாங்கோ என்பது குச்சியில் கோத்த அரிசி மாவு உருண்டை. எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, “அம்மிணிக் கொழுக்கட்டையக் குச்சில குத்தி வச்சிருக்காங்க,” என்று மகளிடம் சொல்லிவிட்டு வாங்காமல் போய்விட்டார். அடுத்து ஓர் ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்தார். ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார்.

“யக்கா, மஞ்சு இல்லியா?”

“இருக்கு. எவ்வளவு வேணும்?”

“இன்னாக்கா எவ்ளோ வேணும்ன்ற? மஞ்சு எங்க கீது, ஊட்டுக்குப் போய்ட்ச்சா?”

“அண்ணே, இதுதான் மஞ்சு,” என்று அக்கா தட்டைக் காட்டினார். “ஸ்வீட்டோட பேரு.”

அவர் தட்டைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மறுபடியும் தட்டைப் பார்த்தார். “நான் கூட கடைக்காரம்மா பேருன்னு நென்ச்சேன்,” என்று வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு ஒன்று வாங்கிக் கடித்தார். மென்றார். நானும் அக்காவும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். “வித்தியாசமா கீதுக்கா,” என்றார். எங்கள் இருவருக்கும் வந்த சிரிப்பில் அவர் பயந்தே போயிருப்பார்.

அவர் போன பிறகு நானும் ஒன்று சாப்பிட்டேன். ஜப்பான் சார் கொண்டுவந்ததைவிட மென்மையாக இருந்தது, தோல் மெல்லியதாக, எங்கும் வெடிக்காமல், வேலை சுத்தம். ஆனாலும் எனக்கு அந்தச் சுவை ஒட்டவில்லை. அவரிடம் போய்ப் பொய் சொல்ல முடியுமா? “எனக்கு இன்னும் பிடிக்கலக்கா,” என்றேன். “தெரியும், உன் மூஞ்சியே சிவப்புச் சீட்டு மாதிரி இருக்கு,” என்றார். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கவலை வேறாக இருந்தது. “மொத தடவை எல்லாரும் வேடிக்கை பாக்கத்தான் வருவாங்க. ரெண்டாவது தடவை வர்றவங்கதான் கஸ்டமர். இன்னும் ஒருத்தர்கூட வரல,” என்றார். “கொஞ்சம் சர்க்கரையக் கூட்டினா என்னக்கா?” என்று கேட்டேன். “கூட்டினா அது வேற ஸ்வீட்டு. அதுக்கு நான் வேற பேரு வைக்கணும்,” என்றார்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு காலை போனேன். தூரத்திலிருந்தே கூட்டம் தெரிந்தது. ஸ்டுடியோ வாசலைத் தாண்டி வரிசை நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை, சந்தோஷத்தில் வண்டியைச் சரியாக ஸ்டாண்டுகூடப் போடவில்லை. கிட்டே போனதும்தான் கவனித்தேன். நிற்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், நடைப்பயிற்சிக் காலணி, கையில் துணிப்பை, பிள்ளைகள் காரில் காத்திருக்கிறார்கள். வரிசையில் இருந்த ஒருவர் தன் கைபேசியைக் காட்டினார். ஏதோ ஓர் அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் கிளம்பி ஊரெல்லாம் சுற்றி வந்த செய்தி: ‘சுகர் உள்ளவர்களும் சாப்பிடக்கூடிய ஜப்பான் இனிப்பு, காட்டுப்பாக்கத்தில். ஜப்பானியர்கள் நீண்ட நாள் வாழும் ரகசியம் இதுதான்!’ யாரோ ஒரு புண்ணியவான் மஞ்சுவைச் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார். நாக்கில் அறையவில்லை. அப்படியானால் சர்க்கரையே இல்லை என்று முடிவுகட்டிவிட்டார். நம் ஊரில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். நமக்கு இனிப்பு என்றால் ஒரேயடியாக இனிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது மருந்து.

செய்தி வந்தது அன்று காலையில்தான். அக்காவுக்கு அது தெரியாது. ஜன்னலுக்குள் தலைநிமிராமல் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார், முகமெல்லாம் பூரிப்பு. கணவர்கூட மருந்துக்கடையை ஆளிடம் விட்டுவிட்டு வந்து உள்ளே உதவிக்கொண்டிருந்தார். நான் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருக்கும்போதே, வரிசையின் முன்னால் நின்ற ஓர் அம்மா கேட்டுவிட்டார்: “எங்க வீட்டுக்காரருக்கு இன்சுலின் போடறோம். இது தாராளமா சாப்பிடலாம் இல்ல?”

அக்காவின் கை நின்றது. நீட்டிய பெட்டியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “இல்லம்மா. இதுல சர்க்கரை இருக்கு. மைதாவும் இருக்கு.”

“மெசேஜ்ல இல்லைன்னு போட்டிருந்துதே!”

“நான் போடலம்மா. சர்க்கரை இருக்கு.”

அந்த ஒரு வாக்கியம் வரிசையின் முதலிலிருந்து கடைசி வரை போவதை நான் பார்த்தேன். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சிலர் காசைத் திருப்பிக் கேட்டார்கள், அக்கா கொடுத்தார். ஒருவருக்குக் கோபமே வந்துவிட்டது. “சக்கரை இருக்குன்னா அப்புறம் ஏன் இனிக்க மாட்டேங்குது? ஏமாத்து வேலை!” என்று கத்திவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் ஸ்டுடியோ வாசல் காலியாகிவிட்டது. கணவர் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து குரலை அடக்கிக்கொண்டு பேசினார். அவருக்கு நிஜமாகவே தாங்கவில்லை. “நீயா சொன்ன சர்க்கரை இல்லைன்னு? அவங்களா நினைச்சுக்கறாங்க. நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா போதும். கம்மியாத்தானே போடற? ஒண்ணு சாப்பிட்டா யாருக்கு என்ன ஆயிடப் போகுது?” என்றார். அக்கா காலிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே, “ஆமா. ஸ்வீட்டு என் கடைல, மாத்திரை உங்க கடைல. நல்ல வியாபாரம்தான்,” என்றார். பெட்டிகளை அடுக்கி முடித்ததும் அக்கா என்னை ஸ்டுடியோவில் போய் ஓர் அட்டை கேட்டு வாங்கிவரச் சொன்னார். தடித்த எழுத்தில் எழுதினார்: ‘இதில் சர்க்கரை உண்டு. சுகர் உள்ளவர்கள் தவிர்க்கவும்.’ ஜன்னலுக்குக் கீழே, வருகிற எவருக்கும் தெரியும்படி ஒரு ஸ்டூலில் சாய்த்து வைத்தார்.

அந்த நாட்களில் நான் நிம்மதியாக இல்லை. அக்கா செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, சிவப்புச் சீட்டு ஒட்டிப் பிழைப்பவள் நான். ஆனால் சரியானதைச் செய்த கடைகள் மூடப்பட்டு அந்த இடத்தில் கைபேசி உறை விற்பதையும் இதே ரோட்டில் பார்த்திருக்கிறேன். கணவர் போகும்போதும் வரும்போதும் அட்டையைச் சுவர் பக்கம் திருப்பி வைப்பார். அக்கா மறுபடியும் ரோட்டுப் பக்கம் திருப்புவார். ஆட்டோக்காரர் மட்டும் எப்போதாவது அந்தப் பக்கம் போகும்போது ஹாரன் அடித்து, “இன்னா மஞ்சுக்கா, யாபாரம் எப்டி கீது?” என்று கேட்பாராம். வாங்க மாட்டார். தீபாவளி நெருங்க நெருங்க, எதிர்ச்சாரி ஸ்வீட் ஸ்டாலில் பந்தல் போட்டு, ஸ்பீக்கர் கட்டி, கூட்டம் அலைமோதியது. அக்கா எப்போதும்போலக் காலையில் பயறு வேகவைத்து, மாவு பிசைந்து, ஆவியில் வைத்து எடுத்தார். மீந்ததைப் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுத்தார். ஒரு நாள்கூடக் குறைவாகச் செய்யவில்லை.

போன தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகல். நான் லீவு போட்டுவிட்டு அங்கே போயிருந்தேன். கணவர் ஒரு பெரிய டப்பாவோடு வந்து இறங்கினார். தெரிந்த சமையல்காரரிடமிருந்து சாம்பிளாக வாங்கிவந்த மைசூர்பாகு. திறக்காமலே அதன் நெய் வாசனை அறையை நிறைத்தது. “தீபாவளி முடிஞ்சதும் ஆரம்பிச்சிடலாம். பேசிட்டேன்,” என்றார். அதில் வெற்றிபெற்ற தொனி எதுவும் இல்லை, களைப்புதான் இருந்தது. அக்கா டப்பாவைப் பார்த்தார். “தீபாவளி இன்னும் முடியல,” என்றார்.

அப்போதுதான் அந்தப் பெரியவர் வந்தார். குடையை மடக்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அட்டையில் இருந்ததை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். ஆவடியில் டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது மாங்காட்டில் மனைவியோடு இருக்கிறார் என்று பேச்சில் தெரிந்தது. அந்த வாட்ஸப் செய்தி இத்தனை நாள் சுற்றிவிட்டு அவரிடம் இப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

“அப்ப நான் சாப்பிடக் கூடாதாம்மா?”

“கூடாது சார். சுகர் இருக்கா?”

“ரொம்ப வருஷமா இருக்கு. எனக்கு வேணும்னு இல்லம்மா. எனக்கு வந்ததுலேர்ந்து அவளும் ஸ்வீட்டைத் தொடறதில்ல. அவளுக்கு ஒரு வியாதியும் கிடையாது. இதுன்னா ரெண்டு பேருமாச் சாப்பிடலாமேன்னு நினைச்சு வந்தேன்.”

ஒன்றே ஒன்றுதானே, பாதியாவது அவர் சாப்பிடட்டும் என்று அக்கா சொல்லிவிட மாட்டாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கணவரும் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சொல்லவில்லை. “உங்களுக்குக் கிடையாது சார். அவங்க சாப்பிடலாம்,” என்றார்.

“அவ தனியாச் சாப்பிட மாட்டாம்மா.”

“எப்போ கேட்டீங்க?”

பெரியவர் மடக்கிய குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். மழை குடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. “கேக்கறதென்ன… தெரியும்,” என்றார். அது அவருக்கே சரியான பதிலாகப் படவில்லை என்பது குரலில் தெரிந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவளுக்கு மட்டும் ஒண்ணு குடும்மா,” என்றார். அக்கா அந்த ஒரு மஞ்சுவைத் தாளில் சுற்றி, பத்துப் பேருக்கான பெட்டியைக் கட்டுகிற அதே கவனத்தோடு கட்டி, நனையாமல் ஓர் உறையில் போட்டுக் கொடுத்தார்.

மறுநாளும் நான் போனேன். போகாமல் வீட்டில் இருக்க முடியவில்லை. எதிர்ச்சாரியில் பட்டாசும் பாட்டுமாக இருந்தது, எங்கள் பக்கம் ஈயாடியது. கணவர் மூடியிருந்த மைசூர்பாகு டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புதுப் பலகையில் என்ன எழுதலாம் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். ஜன்னலில் நிழல் விழுந்தது. அதே குடை, இரண்டாவது தடவை.

“ஒண்ணு குடும்மா,” என்றார் பெரியவர்.

அக்கா தட்டை எடுக்கவில்லை. ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். “சாப்பிட்டாங்களா சார்? என்ன சொன்னாங்க?”

“உள்ளதைச் சொன்னேம்மா. இதுல சர்க்கரை இருக்கு, எனக்குக் கிடையாது, உனக்குன்னுதான் வாங்கிட்டு வந்தேன்னேன். என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தா. நான் நினைச்சேன், எடுத்து வச்சிடுவான்னு. கையில வாங்கி, என் எதிர்லயே உக்காந்து, முழுசும் சாப்பிட்டா.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது மழைக்காக இல்லை. “நாளைக்கும் வாங்கிட்டு வாங்கன்னா.”

அக்கா திரும்பிக் கணவரைப் பார்க்கவில்லை. ஆனால் அடுத்து அவர் சொன்னது யாருக்கு என்பது அந்தச் சின்ன அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். “நாளைக்குக் கடை உண்டு சார். தீபாவளி முடிஞ்சும் இருக்கும். அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க,” என்று சொல்லிவிட்டு, தாளை எடுத்துப் பொட்டலம் கட்டத் தொடங்கினார்.

பெரியவர் தெருவைக் கடந்து பஸ் நிறுத்தம் போகும் வரை கணவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மைசூர்பாகு டப்பாவை மடியில் எடுத்து வைத்து, மூடியைத் திறந்து, பெரிய துண்டாக ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“விக்கறதுக்கு இல்லம்மா,” என்றார். “சாப்பிடு.”